மயிலாப்பூரின் வயது

கோயிற்கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மாமல்லபுரத்தில் தொடங்கி, காஞ்சிக்கும் தஞ்சைக்கும் போய், ஹம்பியில் முடியும். மயிலாப்பூருக்கு அவற்றில் ஓரிரு வரி கிடைத்தால் பெரிது. காரணம் தெரிந்ததுதான். அங்குள்ள கபாலீசுவரர் கோயிலில் இன்று நாம் காணும் கட்டடம் சில நூற்றாண்டுகளே பழையது. கிழக்கிலுள்ள ஏழுநிலைக் கோபுரம் 1906-ல் எழுந்தது. பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். சாந்தோம் தேவாலயப் பகுதியில் கிடைத்த துண்டுக் கல்வெட்டுகளை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் கட்டடத்தின் வயதையே ஊரின் கலைக்கும் வயதாகக் கொள்வது பிழை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர், பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்கிறார். கோயில் இடம் மாறிய பிறகும் பங்குனிப் பெருவிழா நின்றுபோகவில்லை. தேரும் அறுபத்துமூவரும் வலம்வர நான்கு மாட வீதிகள், மேற்கே தெப்பக்குளம் என்று ஊரே அந்த விழாவுக்கு இடம்விட்டு அமைந்திருக்கிறது. கோயில் கட்டடக்கலை மதிலோடு முடிவதில்லை. வீதியும் குளமும் அதில் சேர்த்தி.

'கோபுரத்தில் இருப்பது செங்கல்லும் சுதையும் பெயின்ட்டும்தானே, சோழர் கருங்கல்லுக்கு முன் இது எம்மாத்திரம்?' என்று கேட்பவர்கள் உண்டு. மதுரையின் உயர்ந்த கோபுரங்களும் அடித்தளம் கருங்கல், மேல்நிலைகள் செங்கல் என்றே கட்டப்பட்டவை. அத்தனை உயரத்துக்குப் பாரம் குறைய வேண்டும். அதற்குச் செங்கல்தான் தோது. செங்கல்லில் உருவின் உடற்கட்டை எழுப்பி, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையை அடுக்கடுக்காகப் பூசி, அது இறுகுவதற்குள் விரலையும் விழியையும் கரணையால் வகிர்ந்தெடுப்பது மரபான சுதை வேலை. உளிக்குக் கிடைக்கும் அவகாசம் கரணைக்குக் கிடையாது. வண்ணமும் பிற்காலக் கொச்சை அல்ல: பல்லவர் எழுப்பிய காஞ்சி கைலாசநாதரிலேயே சுதைப்பூச்சும் ஓவியமும் எஞ்சியிருக்கின்றன. இன்றைய எனாமல் பளபளப்பு கண்ணை உறுத்துகிறது என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். அது பெயின்ட் டப்பாவின் குறை, மரபின் குறை அல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சுதையைக் காலந்தோறும் புதுப்பிப்பதே மரபு என்றால், ஒவ்வொரு திருப்பணியும் முந்தைய கைவேலையை அழிப்பதற்கு அதுவே சாக்காகிவிடாதா? ஆகிவிடும், பல ஊர்களில் ஆகியும் இருக்கிறது. சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் ஏறுகிறது, பழைய முகங்கள் புதிய அச்சுக்கு மாறுகின்றன. சுதையின் ஆயுள் குறைவு. மழையும் கடற்காற்றும் அதை விடாது. எனவே புதுப்பிக்காதே என்று சொல்வதில் பொருளில்லை. பதிவு செய்துவிட்டுப் புதுப்பி என்றுதான் கேட்க முடியும். கபாலீசுவரர் கோயிலுக்கு 2016 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. பன்னிரண்டு ஆண்டு வழக்கப்படி அடுத்த திருப்பணி தொலைவில் இல்லை. சாரம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு நிலையின் ஒவ்வொரு சுதை உருவத்தையும் படமெடுத்து, அளந்து, வேலை செய்யும் ஸ்தபதிகளின் பெயரோடு கோயில் நிர்வாகம் நூலாக வெளியிட வேண்டும்.