எட்டுக்காலும் முக்காலியும்

என் பெயரைச் சொன்னால் நம்ம சிவில் டிபார்ட்மென்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ‘டம்பி லெவலைக் கீழே போட்டவன்’ என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அந்தக் கதையை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், நண்பர்களே!

இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகல். மாடம்பாக்கம் ஏரிக்கரை. கருவி மாட்டிய முக்காலியைத் தூக்கிக்கொண்டு, தூரத்தில் ஸ்டாஃப் பிடித்தவனையே பார்த்து நடந்தேன். முள்செடிகளுக்கு நடுவே முகத்தில் ஏதோ ஒட்டியது. குனிந்தால், சட்டையில் மஞ்சள் பட்டை போட்ட எட்டுக்கால் பூச்சி! அவ்வளவுதான். கருவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அபராதம் இரண்டாயிரம். பேட்சில் நாலு பேர், தலைக்கு ஐநூறு. என் பங்கு அம்மாவின் சீட்டுப் பணம். இன்னொருவன் சாயங்காலம் டீக்கடையில் வேலை பார்த்துப் படிப்பவன். திட்டுவான் என்று பார்த்தேன். பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, “சனிக்கிழமை ராத்திரி ஏரிக்கு வாடா. ஷூ போட்டுட்டு வா, பாம்பு இருக்கும்” என்றான்.

மே மாதம். தண்ணீர் உள்வாங்கி, ஏரியோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. “டார்ச்சை நெத்திகிட்ட வெச்சுப் பாரு” என்றான். காய்ந்த புல்லெல்லாம் பச்சைப் புள்ளிகள்! பனித்துளி என்றேன்.

“மே மாசத்துல ஏதுடா பனி? கிட்டப் போ.”

அத்தனையும் கண்கள். ஓநாய்ச் சிலந்தியாம். வலை கட்டாது, தரையில் திரிந்துதான் இரை பிடிக்கும். அதன் கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருப்பதால், பூனைக் கண் போல வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. (லைன் ஆஃப் சைட் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்!) ஒன்று வயிற்று நுனியில் முட்டைப் பையை இழுத்துப் போனது. இன்னொன்றின் முதுகு முழுக்கக் குஞ்சுகள். அது என் ஷூ பக்கம் திரும்பியதும் ஓடப் பார்த்தேன். அவன் என் பெல்ட்டைப் பிடித்திருந்தான்.

மறுநாள் காலையும் போனோம். என் மானத்தை வாங்கிய மஞ்சள் பட்டைக்காரி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி போல வலை நடுவே தலைகீழாக இருந்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு முள்மரத்தில் அழுக்குத் துணி சுற்றியது போல ஒரு கூடு. பல சிலந்திகள் சண்டையில்லாமல் ஒன்றாக வாழும் இனம். இதன் உறவுக்காரர்கள் நமீபியாவின் வறண்ட காடுகளிலும் இப்படித்தான் கூடு கட்டுகின்றனவாம். தாய் தன் வயிற்றிலிருந்து கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும். கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடும். அன்று வீட்டில் அம்மா பரிமாறியபோது சோறு சரியாக இறங்கவில்லை.

இந்த வருஷம் சர்வே கேம்பில் ஒரு வலையைப் பார்த்து ஸ்டேஷனை மூன்றடி தள்ளிப் போட்டேன். ஏன் என்று சார் கேட்டார். “புதர் சார்” என்றேன். பின்னால் அவன் சிரித்தது கேட்டது.

பகுதி நேர வேலையில் சம்பாதித்த ஐநூறை அவனிடம் நீட்டினேன். “அதுக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கு” என்றான். வாங்கியாச்சு. சனிக்கிழமை யார் யார் வர்றீங்க?

— மூன்றாம் ஆண்டு, சிவில்