ஒற்றைக் காது

எங்களிடம் இருப்பது ஒரேயொரு சோடி இயர்பட்ஸ். ஆட்கள் இரண்டு பேர். வாங்கும்போது ஆளுக்குப் பாதிக் காசு போட்டதால் அது யாருடையது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. காலையில் முதலில் எழும்புகிறவருக்கு அது சொந்தம். இரவு படுக்கையில் ஆளுக்கொரு காது.

இதற்கு முதல் வயர் வைத்த ஹெட்செட். அந்த வயர் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவும், கதவுக் கொண்டியில் கொழுவும், தேங்காய் திருவக் குந்தினால் திருவலையில் போய்ச் சிக்கும். பொக்கற்றுக்குள் ஒழுங்காய்ச் சுற்றி வைத்தாலும் வெளியே வரும்போது முடிச்சோடுதான் வரும். கொஞ்ச நாளில் ஒரு பக்கம் வேலை செய்யாது. வயரை ஒரு மாதிரி வளைத்து, விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு முழுப்பாட்டும் கேட்ட ஆட்கள் நாங்கள். 2016இல் அப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் ஹெட்செட் குத்துகிற ஓட்டையை எடுத்துவிட்டு ஏர்பொட்ஸை அறிமுகப்படுத்தியபோது, பல்லுத் தீட்டுற பிரஷ்ஷை முறிச்சுக் காதுக்குள்ள செருகின மாதிரிக் கிடக்கு எண்டு சிரிச்சதும் நாங்கள்தான்.

சும்மா சொல்லக்கூடாது, வசதிதான். போன் மேசையில் சார்ஜில் கிடக்கும். நாங்கள் முற்றம் கூட்டுவோம், வெங்காயம் உரிப்போம், கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்போம். வெங்காயத்துக்கு வாற கண்ணீர்கூட ஏதோ பாட்டுக்கு வாற மாதிரி இருக்கும். ஒரேயொரு கரைச்சல், போனைப் பின் பொக்கற்றில் வைத்தால் பாட்டு இடைக்கிடை அறும். புளூடூத் அலை தண்ணீரைத் தாண்டக் கஷ்டப்படும், எங்கட உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அந்தப் பெயரே பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற ராசாவுடையது. பிரிந்து கிடந்த சனத்தை ஒன்றாக்கினவராம். அவருடைய பெயரில் வந்த சாமானால் எங்கட வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறது குறைஞ்சதுதான் மிச்சம். "காதுக்க என்னத்தைச் செருகி வச்சிருக்கிறியள், கூப்பிட்டா ஒரு சத்தமில்லை" என்பது அம்மாவின் தினசரிப் பல்லவி.

வெளிச்சத்தத்தை அடக்குகிற வசதியும் எங்கடதில் இருக்கிறது. வெளியில் வாற சத்தத்தைக் குட்டி மைக் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் அடித்துச் சமப்படுத்துமாம். கொழும்பு பஸ்ஸின் எஞ்சின் இரைச்சல் மாதிரி ஒரே சீரான சத்தத்தை நல்லாய் அடக்கும். கோயில் லவுட்ஸ்பீக்கரை அவ்வளவாய் இல்லை. அது வேற லெவல்.

அதைப் போட்டுக்கொண்டுதான் எங்களில் ஒராள் கொக்குவில் பக்கம் காவலில்லாத ரயில் கடவையைச் சைக்கிளில் கடக்கப் போனது. இரண்டு காதும் அடைச்சு. ரயில் ஊதினதும் தெரியாது, றோட்டோரத்தில் நின்ற ஆட்கள் கத்தினதும் தெரியாது. ஒரு ஐயா ஓடிவந்து கரியரில் பிடித்து இழுத்தார். அவர் இழுத்திராவிட்டால் இந்தக் கட்டுரை "எங்களிடம்" என்று தொடங்கியிராது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் தெரியவரப்போகுது.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம்: றோட்டில் ஒரு காது மட்டும். நல்ல சட்டம் என்றுதான் நினைத்தோம். ஆனால் ஒரு காதோடு போகும்போது ஹோர்ன் சத்தம் கேட்குது, எந்தப் பக்கமிருந்து வருகுது என்றுதான் விளங்கவில்லை. ஒரு சத்தம் ஒரு காதுக்குக் கொஞ்சம் முந்தியும் மற்றதற்குக் கொஞ்சம் பிந்தியும் வந்து சேருமாம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் பார்க்குது. ஒரு காதை எடுத்தால் கணக்குப் பிழைக்கும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முன்னால் சைக்கிளை நிப்பாட்டி, இறங்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் பொறி தட்டியது. அப்பா இப்படித்தான் செய்கிறவர்.

அப்பாவுக்கு வலது காது கேளாது. தொண்ணூறுகளில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்த நாளிலிருந்து. இது எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எங்களை ரியூசனுக்கு ஏத்திக்கொண்டு போகும்போது ஒவ்வொரு சந்தியிலும் சைக்கிளால் இறங்கி, உருட்டிக்கொண்டு கடப்பார். கூடப்படிக்கிற பெடியள் பார்த்துச் சிரிப்பார்கள். "அப்பா, ஏன் இப்பிடிப் பயந்து சாகிறீங்கள்?" என்று கேட்டிருக்கிறோம். அவர் பதில் சொன்னதில்லை. கலியாண வீடுகளில் எல்லாரும் தன் இடப்பக்கம் வாற மாதிரித் தேடித்தேடி இருப்பதையும் அவருடைய ஒரு குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன கிழமை இயர்பட்ஸை அப்பாவுக்குப் போட்டுவிட்டோம். இரண்டு காதிலும். ஒன்று சும்மா அழகுக்கு. அவருக்குப் பிடித்த பழைய இளையராஜா பாட்டு ஒன்று. கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவிலிருந்து வாற கரண்டில் ரேடியோ கேட்ட ஆள் அவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "இதில ஒரு வயலின் வரவேணுமே பிள்ளை, அதை வெட்டிப்போட்டாங்களோ?" என்றார்.

நாங்கள் வலது பக்கத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தோம். வயலின் அங்கே இருந்தது. ஸ்ரீரியோவில் பதிவான பாட்டு. பாதி வாத்தியம் இடப்பக்கம், பாதி வலப்பக்கம். அப்பாவின் பங்கில் வயலின் இல்லை. யோசித்துப் பார்த்தால், ஆளுக்கொரு காதில் போட்டுக்கொண்டு ஒரே பாட்டைக் கேட்கிறோம் என்று இரவிரவாய் நாங்கள் கேட்டதும் வேற வேற பாதிகள்தான்.

போனின் செற்றிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் 'மோனோ ஓடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கத்தையும் கலந்து ஒவ்வொரு காதுக்கும் முழுசாய்த் தரும். ஒரு தட்டு, அவ்வளவுதான். இத்தனை வருசமாய் இந்தப் போனை வைத்திருக்கிறோம், அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை.

பாட்டை முதலிலிருந்து போட்டோம். வயலின் வாற இடத்தில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கதிரைக் கையில் விரல் மட்டும் தாளம் போட்டது.

குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டா. ஒருக்கா, இரண்டு தரம். பிறகு அகப்பையோடு விறாந்தைக்கே வந்திட்டா.

"இஞ்சருங்கோ, இருந்த ஒண்டையும் அடைச்சு வச்சிருக்கிறியளே!"

அப்பாவுக்கு அதுவும் கேட்கவில்லை.