பாட்டி வீட்டு டார்ச்

தீபாவளிக்கு முன்னால், தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கப் போனோம். அதில் ஒரு வீட்டைப் பற்றி எழுதியே ஆகணும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோவல் ரோடு பக்கம் ஒரு சின்ன வாடகை வீடு. பாட்டிக்கு எண்பதுக்கு மேல் வயது. வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார். "உள்ள வராதீங்கய்யா, சாமான் எல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. எனக்கே வெக்கமா இருக்கு."

உள்ளே போய்ப் பார்த்தால் வீடு பளிச்சென்று இருக்கிறது! பூஜை அலமாரியில் மந்திரப் பெட்டி, பக்கத்தில் ரப்பர் பிடி போட்ட கறுப்பு டார்ச். அதைத் தொட்டால் தார் மாதிரி விரலில் ஒட்டுகிறது. எங்களில் ஒரு தம்பி குப்பைப் பையை விரித்தே விட்டார்.

"அது மட்டும் வேணாம் தம்பி. தாத்தா தைப்பூசத்துக்குப் பிடிச்ச டார்ச்சு." தாத்தா வருஷா வருஷம் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடிகளோடு தொண்டூழியராக நடந்தவராம். பிடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயர். அப்புறம் பாட்டி சொன்னதுதான் எங்களை உலுக்கியது: "தினமும் சோப்புத்தண்ணி போட்டுத் தொடைக்கிறேன், போகமாட்டேங்குது. என் கைதான் சுத்தமில்லையோன்னு சாமிக்குப் பூ வைக்கவே யோசனையா இருக்கு."

பாட்டி, அது அழுக்கே இல்லை. கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கெட்டிப் பிளாஸ்டிக் மேல் பாலியூரித்தேன் பூச்சு பூசுகிறார்கள். காற்றின் ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு தானே சிதைந்து பசையாகிறது. நம்ம சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். எத்தனை தடவை கழுவினாலும் அது திரும்பத் திரும்ப ஒட்டத்தான் செய்யும்.

முதலில் அகல்விளக்கை அணைத்தோம், ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய வேட்டித் துணியில் நனைத்துத் தேய்த்தோம். கறுப்பு கறுப்பாக வந்தது. துணியை மாற்றி மாற்றித் தேய்க்க, அரை மணி நேரத்தில் அடியிலிருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தெரிந்தது. (கொரோனா காலத்து சானிடைசர் ஜெல்லையும் முயன்றோம். அது தன் பங்குக்கு வேறு பிசுபிசுப்பைக் கொடுத்தது.)

ஆனால் பெயர்? தேய்த்தால் பூச்சோடு அதுவும் போய்விடும். பாட்டியைக் கேட்டோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த இடத்தை விட்ருங்க" என்றார். இரண்டு விரல் அகலத்துக்கு அப்படியே விட்டோம். அதன் மேல் பாட்டியே திருநீற்றைத் தூவித் தடவினார், ஒட்டுவது நின்றது. டால்கம் பவுடரும் இதே வேலையைத்தான் செய்யும்.

மந்திரப் பெட்டியில் நாங்கள் தப்பு செய்தோம். அவசரத்தில் ஒருவர் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை எடுத்துவிட்டார், ஒரு மூலை இளகி மங்கிப்போச்சு. அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீங்க. அடுப்படி டப்பாக்களில் இருந்தது வேறு சமாச்சாரம், தாளிப்பு எண்ணெய்ப் புகை. அது சுடுதண்ணீர், பாத்திர சோப்பு, பேக்கிங் சோடாவுக்கே போய்விட்டது. பிவிசி மேசை விரிப்பைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அதை மென்மையாக்கக் கலந்த எண்ணெய் போன்ற பொருளே வெளியே கசிகிறது, துடைத்தாலும் திரும்ப வரும். தூக்கிப் போடச் சொன்னோம்.

இன்னொன்று, கற்பூரத்தைப் பிளாஸ்டிக் சாமானோடு சேர்த்து வைக்காதீங்க. 1870களில் செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்கை இளக்கி உருக்கொடுக்கவே கற்பூரத்தைத்தான் கலந்தார்கள். சில பிளாஸ்டிக்குகளை அது இன்றும் இளக்கிவிடும்.

புதுப் பேட்டரி போட்டும் டார்ச் எரியவில்லை. பாட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாங்கள் தேக்காவிலிருந்து வாங்கிப் போயிருந்த மல்லிகையைப் பிரித்து அம்மன் படத்துக்கு வைத்தார்.

இன்னும் ஏழு வீடுகள் பாக்கி. பழைய பருத்தி வேட்டி இருந்தால் கோயில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.