லயத்து வாசலில் ஒரு பாத்தி



பொழுது விடிந்தால் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறோம். அந்தத் தேயிலையைக் கிள்ளிய கை, தன் பிள்ளைகளுக்கு என்ன ஆக்கிப் போடுகிறது என்று என்றைக்காவது நினைத்திருக்கிறோமா? நானும் நினைத்ததில்லை, 2024 பிப்ரவரியில், ஷஃபான் மாதத்தில், இலங்கையின் மலையகத்திற்குப் போய் வரும் வரையில்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் கொழும்பு என்ற பெயரைக் கேளாமல் வளர்ந்த பெண்கள் அரிது. வாப்பாவோ அப்பாவோ அங்கே வாணிபம் செய்திருப்பார்கள். என் பெரியம்மாவின் மகள் அதையும் தாண்டி ஹட்டனில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். மச்சானுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை. “நோன்புக்கு முன்னே ஒரு தடவை வந்து பாரேன்” என்று ராத்தா பல வருடங்களாக அழைத்துக்கொண்டே இருந்தார்.

கொழும்பு கோட்டையில் ரயில் ஏறினேன். ரம்புக்கனை தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கி மலை ஏறத் தொடங்கியது. பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை விரிப்புப் போலத் தேயிலை! மறுநாள் வேன் பிடித்து நுவரெலியா புறப்பட்டோம். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. 6000 அடி உயரத்திற்கு மேலிருக்கும் நுவரெலியாவை நெருங்க நெருங்கத் தேயிலைக்கு நடுவே படிப்படியாகக் காய்கறிப் பாத்திகள் தெரிந்தன. கரட், லீக்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கோவா. நாம் முட்டைக்கோஸ் என்பதை அங்கே கோவா என்கிறார்கள். காய்கறியை மரக்கறி என்கிறார்கள்.

இந்தச் சீமைக் காய்கறிகள் அங்கே வேரூன்றியதற்கும் ஒரு வரலாறு உண்டு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் உடல் தேறுவதற்காக நுவரெலியா வந்தார். அந்தக் குளிரும் மண்ணும் பிடித்துப்போய், 1848இல் ஆட்கள், கால்நடைகள், விதைகளுடன் வந்து பண்ணை அமைத்தார். காப்பித் தோட்டங்களும், அவை நோயில் அழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்களும் மலைகளை நிறைத்தன. அந்தத் தோட்டங்களில் பாடுபட, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கடல் கடந்து, காடு கடந்து நடந்தே போயின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தாம் இன்று அங்கே கொழுந்து பறிக்கிறார்கள்.

வழியில் ஒரு வளைவில் தலையில் சாக்கைப் போர்த்திய பெண்ணொருத்தி லீக்ஸ் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். வேனை நிறுத்தச் சொன்னேன். நம் பழக்கம் விடுமா? விலை பேசினேன். அவள் சொன்னதில் ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கிவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்ததாக ராத்தாவைப் பார்த்துச் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை. “நாளைக்கு உன்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போறேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாலை, வேலை கலைந்த பிறகு, ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனோம். லயம் என்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டப்பட்ட வரிசை வீடு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் சிறு திண்ணை. நம் வீட்டுச் சமையலறை அளவுகூட இருக்காது.

“வாங்கம்மா, குளிருது, உள்ள வாங்க” என்று அழைத்தார் அந்த அக்கா. ஆனால் என் கண் வீட்டுக்குள் போகவில்லை. லயத்துக்குப் பின்னால் சரிவில் இரண்டு பாய் விரிக்கும் அகலத்தில் ஒரு துண்டு நிலம். மண் மழையில் கரைந்து ஓடாதபடி சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி மூன்று படியாக்கியிருந்தார். மேல் படியில் கரட், நடுவில் லீக்ஸ், கீழே போஞ்சி. நம் பீன்ஸ்தான் அங்கே போஞ்சி. ஓரத்தில் பந்தல் போட்டு சௌசௌக் கொடி. பழைய உரச் சாக்குகளில் மண் நிரப்பி வெங்காயத்தாள். பக்கத்துக் கொட்டிலில் ஒரு பசு. அதன் சாணம், அடுப்புச் சாம்பல், வடித்த தேயிலைச் சக்கை, இவ்வளவுதான் எரு.

கரட் விதையைப் பாத்தியிலேயே நேராகத் தூவி, முளைத்த பின் நெருக்கத்தைக் கலைத்துவிட வேண்டுமாம். பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப் போகும். லீக்ஸை நாற்றாக வளர்த்து நட வேண்டும். சாணத்தை நன்றாக மக்கிய பிறகே போட வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, இருட்டுமுன் கிடைக்கும் அரை மணி நேரத்தில் இத்தனையும் செய்கிறார்!

“போன மாசம் கரட் விலை கேட்டீங்களாம்மா?” என்றார். ராத்தா விவரம் சொன்னார். 2024 ஜனவரியில் மழையால் விளைச்சல் குறைந்து, இலங்கையில் ஒரு கிலோ கரட் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியும் ஆயிரம் ரூபாய்தான்! 2021இல் நிர்ணயித்த கூலி அது. 2024 செப்டம்பரில்தான் 1350 ஆக உயர்த்தப்பட்டது. கரட் விளையும் மலையிலேயே, ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு கிலோ கரட் வாங்க முடியாத நிலை.

“வாங்கித் தின்ன முடியலம்மா. ஆனா போட்டுத் தின்னோம்” என்றார் அந்த அக்கா.

2022இல் நாடே தடுமாறிய காலத்தையும் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டு, 2021இல், இரசாயன உரம் இறக்குமதி செய்வதை அரசாங்கம் திடீரென்று தடை செய்தது. சில மாதங்களில் தடை விலக்கப்பட்டாலும் விளைச்சல் விழுந்துவிட்டது. எருவும் நல்லதுதான், ஆனால் பல காலமாக உரத்துக்குப் பழகிய வயலும் தோட்டமும் ஒரே பருவத்தில் மாறிவிடுமா? பின்னர் டொலரும் இல்லை, காஸும் இல்லை, மாவும் இல்லை. 2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வீட்டில் பயிர் செய்வதற்கென்றே வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்! அந்த நாட்களில் கடை அலமாரி காலியாகக் கிடந்தபோது இந்த இரண்டு பாய் நிலம் நான்கு பிள்ளைகளுக்குக் கறி கொடுத்தது. 1973, 74இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது இதே மலைகளில் பட்டினிச் சாவுகள் நடந்திருக்கின்றன. பாத்தியின் அருமை அங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடக் கூடாதா அக்கா?” என்று கேட்டேன்.

அவர் மண்ணைப் பார்த்தபடி சொன்னார்: “இது எங்க மண்ணு இல்லம்மா. தோட்டத்து மண்ணு. நாளைக்கு எடுன்னா எடுத்துறணும்.”

சகோதரிகளே, அந்த வார்த்தை என்னைச் சுட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் அவர்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அவர்களின் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். ஆயினும் பலருக்குக் காணி உறுதி, அதாவது பத்திரம், கையில் இல்லை. புது வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்று வகுத்தார்கள். நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்கும் குறைவு. அதில் வீடு போக மிஞ்சுவதில் ஒரு கீரைப் பாத்தி, நாலு கரட் பாத்தி போடலாம். நிரந்தரமாக நம்முடையது என்று தெரிந்தால்தானே ஒருத்தி கல் கட்டி, மண் சேர்த்து, பலன் தர வருடங்களாகும் ஒரு பேரிக்காய்க் கன்றை நடுவாள்!

வீட்டுத் தேவை போக மிஞ்சுவதை அந்த அக்கா மச்சானின் கடைக்குக் கொண்டு வருகிறார். பெரிய வியாபாரத்தில் நுவரெலியாக் காய்கறி தம்புள்ளைச் சந்தைக்கும் கொழும்புக்கும் லாரி ஏறி, பல கை மாறுகிறது. கைக்குக் கை விலை ஏறினாலும் விளைவித்தவளுக்கு வந்து சேருவது சொற்பம். “இவங்க கொண்டு வர்றதுக்கு நாங்க விலை பேசுறதில்லம்மா. கடையில விக்கிற விலையில போக்குவரத்துக்கூட இல்லையே, அந்த மிச்சம் அவங்களுக்குப் போகட்டும்” என்றார் ராத்தா. முந்தின நாள் சாலையோரத்தில் நான் மிச்சம் பிடித்த ஐம்பது ரூபாய் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. புறப்படும்போது அந்த அக்கா இரண்டு கட்டு லீக்ஸைக் கையில் திணித்தார். காசு நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்.

ஊர் திரும்பி இரண்டு காரியங்கள் செய்தேன். மொட்டை மாடியில் பழைய அரிசிச் சாக்கு ஆறில் மண் நிரப்பி வெந்தயக்கீரை, தக்காளி, மிளகாய் போட்டேன். நட்டதைப் பறவை கொத்தித் தின்றாலும் அது தர்மம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் குருவியையும் விரட்டுவதில்லை. இரண்டாவது, கூடையில் கீரை கொண்டு வரும் அம்மாவிடமும், உழவர் சந்தையில் விளைவித்தவரே உட்கார்ந்து விற்கும் இடத்திலும் பேரம் பேசுவதை விட்டேன். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, நடுவில் கை மாறாமல் விளைவித்தவரே விற்கட்டும் என்றுதானே தொடங்கப்பட்டது? அங்கேயும் போய் அடித்துப் பேசினால் என்ன நியாயம்?

துணிக்கடையில் எழுதிய விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கீரைக்காரம்மாவிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மழையில் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்ததாகச் செய்தி வந்ததும் பதறிப்போய் ராத்தாவிடம் விசாரித்தேன். அல்லாஹ்வின் கிருபையால் அந்த அக்காவின் குடும்பம் நலம். பாத்தியின் கீழ்ப் படி மட்டும் சரிந்துவிட்டதாம். மழை விட்டதும் கல் பொறுக்கி மறுபடி அடுக்கத் தொடங்கிவிட்டாராம், தனக்கு உரிமையில்லாத அந்த மண்ணிலேயே.