முப்பத்தாறு ரூபாய்க் கார்

தூக்கம் வராத பாட்டியின் கையில் உப்புத்தாளைக் கொடுக்கவே கூடாது. நியூ ஜெர்ஸியில் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் கற்றுக்கொண்ட பாடம் இது. சிரிக்காமல் கேளுங்கள்.

என் பேத்தி மீனுவுக்கு எட்டு வயது. சாரணர் இயக்கத்தின் குழந்தைகள் பிரிவான 'கப் ஸ்கௌட்'டில் இருக்கிறாள். 2018-லிருந்து அதில் பெண் குழந்தைகளுக்கும் இடம் உண்டு. அவர்கள் நடத்தும் பந்தயத்துக்குப் பெயர் 'பைன்வுட் டெர்பி'. 7 அங்குல பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நாலு ஆணி. இதைக் காராகச் செதுக்கிச் சரிவான பாதையின் உச்சியிலிருந்து விட வேண்டும். மோட்டார் கிடையாது; சரிவுதான் மோட்டார்!

இதை ஆரம்பித்தவர் டான் மர்ஃபி என்பவர். பெரிய பையன்கள் ஏறி ஓட்டும் மரவண்டிப் பந்தயத்தில் சேர அவருடைய பிள்ளைக்கு வயது போதவில்லை. அதனால் 1953 மே 15-ஆம் தேதி, கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில், இந்தக் குட்டிப் பந்தயத்தை நடத்தினார். தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தச் 'சேர்ந்து' என்ற வார்த்தையில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

மாப்பிள்ளை கட்டையை அறுத்துக் கொடுத்தார். மீனு இரண்டு நாள் மாலை உப்புத்தாளால் தேய்த்தாள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்; மூக்கு கத்தரிக்காய் மாதிரி. நான் ஊருக்குப் புதிது. ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டுக் கொட்டென்று விழித்துக்கொண்டிருந்தேன். 'பாவம், குழந்தைக்குக் கை வலிக்குமே' என்று உட்கார்ந்து தேய்த்தேன். விடிவதற்குள் கார் கண்ணாடியாகிவிட்டது.

காலையில் மீனு அதைப் பார்த்தாள். "இது யாரோட கார்?" என்றாள். அவ்வளவுதான். பாலைக்கூடக் குடிக்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

சின்ன வயதில் கிராமத்தில் நானும் நுங்கு வண்டி செய்து ஓட்டியவள்தான். கோணல் வண்டிதான். அதை யாராவது சரி செய்ய வந்திருந்தால் கையைக் கடித்திருப்பேன்! அந்த ஞாபகம் ஏன் ராத்திரி வரவில்லை, சொல்லுங்கள்?

மாலையில், "பாட்டி தப்புப் பண்ணிட்டேன், மீனு" என்றேன்.

"இனிமே கேட்டுட்டுத் தொடு" என்றாள். பிறகு சிவப்பு வர்ணத்தைத் திட்டுத் திட்டாகப் பூசி, காரை மறுபடி தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

அடுத்தது எடை. 5 அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது. அதாவது 141 கிராம் சொச்சம். குறைந்தாலும் நஷ்டம். கனமான கார்தான் சமதளத்துக்கு வந்த பிறகும் வேகம் குறையாமல் ஓடும். சமையலறைத் தராசில் எங்கள் கார் 94 கிராம் காட்டியது. அனுமதி கேட்டுக்கொண்டு என் பர்ஸைத் திறந்தேன். 5 ரூபாய் நாணயம் ஒன்று 6 கிராம் இருந்தது. அப்படி ஏழு. கூட ஒரு ரூபாய் நாணயம், சுமார் 4 கிராம். மொத்தம் 140. மிச்சம் பசைக்கு.

"முன்னாலே வை. பின்பாரமானா மாட்டின் கழுத்தை நுகத்தடி தூக்கும்" என்றேன்.

"இதுலே மாடு எங்கே, பாட்டி?"

ஒரு பலகையைச் சாய்த்துக் காரை வைத்துக் காட்டினாள். சரிவில் நிற்கும்போது காரின் பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் கனம் அதிக உயரத்திலிருந்து இறங்குவதால் வேகமும் அதிகம். ஆனால் ஒரேயடியாகப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு தள்ளாடும். ஆகவே பின்சக்கரத்துக்கு ஓர் அங்குலம் முன்னால், மாப்பிள்ளை அடியில் ஏற்கனவே குடைந்து வைத்திருந்த குழியில், மீனு காசுகளை அடுக்கி ஒட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா!

பந்தயத்தன்று காரை நிறுத்துப் பார்த்தவர், "யார் செய்தது?" என்று கேட்டார்.

"நானும் அப்பாவும். பாட்டி ஒரு ராத்திரி தேய்ச்சா" என்றாள் மீனு, ஒளிக்காமல்.

நாலு கார்களில் ஒரு முறை மூன்றாவது, ஒரு முறை இரண்டாவது. பரிசு இல்லை. மீனுவோ, ஜயித்தவளைப் போலத் துள்ளினாள்.

சென்னையில் இறங்கி, ஆட்டோக்காரருக்குச் சில்லறை தேடினேன். பர்ஸில் ஒற்றைக் காசு இல்லை. என் 36 ரூபாய் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?