மணமேல்குடியில் நான் சொன்ன பொய்

பேன் என் தலையிலிருந்துதான் பரவியது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கடைசியில் வைத்தால், நடுவில் நான் சொல்லும் எதையாவது கேட்டு நீங்கள் எனக்காக இரக்கப்பட்டுவிடக்கூடும்.

நான் புதுக்கோட்டைக்காரி. அரண்மனையும் சமஸ்தானமும் இருந்த புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருகிற ஊர். பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். ஆகஸ்ட் மாதம் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து வேளாங்கண்ணிக்கு நடப்போம். 29ஆம் தேதி கொடியேற்றம். அதற்குள் போய்ச் சேர வேண்டும். வேம்பார், சாயல்குடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடற்கரையை ஒட்டியே போகும் பாதை. 300 கிலோமீட்டருக்கு மேல். நான் சொல்வது 2019இல் நடந்தது. பள்ளிக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அதுவும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் யாருக்கும் மொட்டை விழவில்லை.

எனக்கு முடி இடுப்புக்குக் கீழே வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. நெடுநடையில் முதலில் கெடுவது கால். அடுத்துக் கெடுவது தலை. வேர்வை, கடற்காற்று, லாரி கிளப்பும் புழுதி எல்லாம் சேர்ந்து அப்பிக்கொள்ளும். கழுவலாம் என்றால் வழியில் கிடைப்பது பெரும்பாலும் உவர்த்தண்ணீர். சோப்பு நுரைக்காது, சீயக்காய் திப்பியாக முடியிலேயே நிற்கும். இரண்டு நாளில் பலருக்குத் தலை சிக்குப் பிடித்துவிடும். எனக்குப் பிடிக்காது. அதற்கெல்லாம் முறை வைத்திருந்தேன். எண்ணெய் இரவில் மட்டும்தான், அதுவும் உள்ளங்கையில் தேய்த்த அளவு. பகலில் வைத்தால் புழுதி ஒட்டும். விடியற்காலை இருட்டிலேயே ஒற்றைப் பின்னலாக இறுக்கிப் போட்டு, மடித்துக் கட்டி, மேலே பருத்தித் துணி. ஈரத்தோடு பின்னவே கூடாது, வாடை வந்துவிடும். தலைக்குக் குளிப்பது மதியம் தங்கும்போது மட்டும், காய நேரம் இருந்தால். சிக்கை நுனியிலிருந்து எடுத்து மேலே வர வேண்டும்.

இதையெல்லாம் நான் எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. இரவு தங்குகிற கோயில் மண்டபத்திலோ பள்ளி வராந்தாவிலோ பெண்கள் என் முன்னால் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். சீவி விடுவேன். "டீச்சர் கைபட்டா முடி கொட்டாது" என்பார்கள். அதைக் கேட்கத்தான் சீவினேன். எல்லார் தலையிலும் போனது என் சீப்பு ஒன்றுதான்.

குழுவில் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா இருந்தார். இப்போது அக்கா என்கிறேன். அப்போது "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர் என்று தெரிந்த பிறகும் "நீ" என்றே பேசினேன். அவர் என்னை "டீச்சர், நீங்க" என்றார். உப்பு விளைகிற காலம் அது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது. அந்தக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டுப் பட்டு அவர் முடி செம்பட்டையாக, வறண்டு கிடக்கும். துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார். அவர் மட்டும் என் முன்னால் உட்காரவில்லை. "இது மாதாவுக்குப் போற முடி டீச்சர். சீவி என்ன ஆகப்போகுது" என்றார். மகனுக்கு விடாமல் அடித்த காய்ச்சல் இறங்கியதற்கு நேர்ந்துகொண்டது. இரவில் அவர் படுத்ததும் ஓரத்தில், தனிச் சாக்கு விரித்து.

இது எல்லாருக்கும் தெரியும். என் சீப்பு படாத ஒரே தலை அவருடையது.

சாயல்குடி தாண்டிய அன்று எனக்குப் பிடரியில் அரித்தது. காதுக்குப் பின்னால் விரலை விட்டேன். அகப்பட்டது. நகத்தில் வைத்து நசுக்கினேன். யாரும் பார்க்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த ஊரில் மருந்துக் கடையில் மருந்தும் பேன்சீப்பும் வாங்கியிருப்போம், சிரித்திருப்போம், அத்தோடு முடிந்திருக்கும். என்னால் சொல்ல முடியவில்லை. வகுப்பில் பேன் உள்ள பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறவள் நான். "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறவள். அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவார்கள். அப்படி எழுந்து போக எனக்குத் தைரியம் இல்லை.

அன்று இரவும் எல்லாருக்கும் சீவினேன். கை வலிக்கிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஏன் இன்றைக்கு மட்டும் என்று கேட்பார்கள். கேட்டுவிடுவார்களே என்றுதான் சீவினேன்.

மீமிசலில் நுழைந்தால் புதுக்கோட்டை மாவட்டம். பலகையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டோமா" என்று சிரித்துக்கொண்டே நுழைந்தோம். கோட்டைப்பட்டினத்தில் தங்கிய இரவு சிரிப்பு நின்றது. குழுவில் கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி தாயோடு வந்திருந்தாள். நான் தினமும் ஆசையாகப் பின்னிவிட்ட தலை. தாய் அவள் வகிட்டில் பேனைப் பார்த்துவிட்டாள். வேறு இரண்டு பேர் தங்களுக்கும் அரிப்பதாகச் சொன்னார்கள். தாய் பதற்றத்தில் பாச்சை உருண்டையைப் பொடித்து எண்ணெயில் குழைத்துத் தேய்த்துவிட்டாள். பல வீடுகளில் செய்கிற வைத்தியம்தான். அது விஷம். வெயிலில் கொப்பளித்த தலைத்தோலில் அதைத் தடவியதும் அந்தப் பெண் துடித்தாள். மறுநாள் வாந்தி. சாமான் ஏற்றி வந்த வேனில் படுத்துத்தான் மீதி வழியைக் கடந்தாள். நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவள் அவள்.

"எல்லாம் அந்த உப்பளத்துத் தலைதான்" என்று ஒருத்தி சொன்னாள். முதலில் சொன்னது நான் இல்லை. அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எல்லார் தலையையும் தொட்டவள் நான்தானே. "நான் சீவுன தலையில எதுலயும் நான் பாக்கல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதும் என்று தெரிந்துதான் சொன்னேன். உப்பளம் என்றவர்கள் உப்பளத்தை மட்டும் சொல்லவில்லை, சாதியையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று இரவு அவரை வெளித் திண்ணையில் படுக்கச் சொன்னார்கள். காலையில், பஸ் ஏறி ஊருக்குப் போ, இல்லாவிட்டால் மொட்டை போட்டுக்கொண்டு வா என்றார்கள். வழியில் திரும்பினால் நேர்ச்சை கெட்டுவிடும். மொட்டைக்குச் சம்மதித்தார். கூடப் போகப் பொறுப்பான ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள்.

மணமேல்குடியில் சின்ன சலூன். கடையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கடைக்காரர் துணியைப் போர்த்தினார். தண்ணீர் தெளித்தார். விரலால் முடியைப் பிரித்துப் பார்த்தார். பிடரியில், காதோரத்தில், உச்சியில். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தலை சுத்தமாத்தானே இருக்கு. எதுக்கும்மா மொட்டை?"

வேறு யாரும் அங்கே இல்லை. ஒப்புக்கொண்டிருந்தால் என் மானம் அந்த இரண்டு பேர் முன்னால்தான் போயிருக்கும். கத்தி இன்னும் தலையில் படவில்லை. அவர் பதிலுக்காக நின்றார். அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தலை சுத்தம் என்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"வேண்டுதல்ணே" என்றேன்.

"வேளாங்கண்ணிக்குத்தானே போறீங்க. அங்க போயி அடிக்கலாமே."

நான் பேசவில்லை. அக்காதான் சொன்னார், "அடிங்கண்ணே."

முடி துணியிலும் தரையிலும் விழுந்தது. முடிந்ததும் அக்கா குனிந்து அதைக் கையால் கூட்டினார். "ஒரு பேப்பர் குடுங்கண்ணே. இதையாச்சும் மாதாட்ட கொண்டுபோயிருதேன்" என்றார். கடைக்காரர் பழைய செய்தித்தாளை எடுத்தார். நான் தடுத்தேன். "வேண்டாம், அதுல பேன் இருக்கும்" என்றேன். தலை சுத்தம் என்று சொன்ன மனிதர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா முடியைக் கீழேயே விட்டுவிட்டு எழுந்தார். கூலியை நான் கொடுத்தேன். கொடுத்தபோது உதவி செய்ததாகவே நினைத்தேன்.

முத்துப்பேட்டைக்குப் பிறகு வேதாரண்யம் வழியாகப் போனோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து, 28ஆம் தேதி உப்பெடுக்க வந்து சேர்ந்த ஊர். அந்தப் போராட்ட நாட்களில் வைரப்பன் என்ற நாவிதர், தான் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று பாதியில் தெரிந்ததும் கத்தியை நிறுத்திவிட்டார். சிறைக்குப் போனார். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிற கதை. அந்த நினைவுச் சின்னத்தின் முன்னால் பெண்களை நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். ஒரு முகத்தில் பாதி மயிரை வைத்துக்கொண்டு ஒரு சாமானியன் ஓர் அரசாங்கத்தையே எதிர்த்தான் என்றேன். அக்காவும் துண்டால் தலையை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா சொன்னீங்க டீச்சர் என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். நான் அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

வேளாங்கண்ணியில் எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். பார்க்கிறவர்களுக்கு அக்காவும் நேர்ச்சை முடித்தவர்தான். முடி கொடுக்கும் இடத்தில் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. நான் பூமுடி கொடுத்தேன், நுனியில் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மருந்து போட்டேன். பெர்மெத்ரின் ஒரு சதவீத லோஷன். முதல் தடவைக்குத் தப்பும் ஈர்கள் பொரிந்து வரும் என்பதால் ஒன்பது பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சீப்பில் வந்ததைப் பார்த்தபோதுதான் கணக்குப் போடத் தோன்றியது. பேனுக்குத் தாவத் தெரியாது, பறக்கத் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும், சில சமயம் சீப்பிலும் போகும். ஈரை அது மயிர்க்காலை ஒட்டித்தான் வைக்கும், குஞ்சு பொரிக்க அந்தச் சூடு வேண்டும். வைத்த இடத்தை விட்டு ஈர் நகராது. முடி வளர வளரத் தலையை விட்டு விலகிப்போகும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். என் முடியில் வெற்று ஈர்கள் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தன. அடிக்குச்சியை வைத்தே பார்த்தேன். அப்படியானால் நடை தொடங்குவதற்கு வெகு முன்பே, பள்ளி திறந்த ஜூனில் வந்தது. முதன்முதலாகப் பேன் ஏறுகிறவர்களுக்கு அரிப்புத் தெரியவே நான்கைந்து வாரம் ஆகும். சாயல்குடியில் நான் கண்டுபிடித்தது அங்கே வந்த பேனை இல்லை, நான் கொண்டுபோன பேனை. சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்தால் அதில் ஒளிந்துகொண்டிருப்பேன். இல்லை.

மழை தொடங்கி உப்பளம் மூடிய பிறகு ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஒரு சேலையும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். மகன் நன்றாக இருந்தான். டீ போட்டுக் கொடுத்தார். தலையில் முடி குத்திட்டு வளர்ந்திருந்தது. "அடுத்த வருசம் இது வளந்திரும். அப்ப குடுத்திருவேன் டீச்சர்" என்றார். சேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் கொரோனா. 2020இலும் 2021இலும் திருவிழாவுக்குப் பக்தர்களை விடவில்லை. அவர் நேர்ச்சை நின்றுபோனது. அந்தக் கல்லூரிப் பெண் பிறகு எங்களோடு வரவில்லை.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறாய் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். முடிதானே, வளர்ந்திருக்கும் என்கிறார்கள். வளர்ந்திருக்கும். அவர் மீது விழுந்த பேச்சு அப்படியே நிற்கிறது.

இந்த ஆகஸ்டுக்குக் குழு கிளம்புகிறது. வருகிறவர்களின் பெயர் எழுதும் நோட்டு என்னிடம் இருக்கிறது. அக்கா பெயர் கொடுத்திருக்கிறார். அவரைச் சேர்க்க வேண்டாம் என்று சிலர் என்னிடம் வந்து சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள், 2019ஐ மறந்துட்டீங்களா என்று. போன வாரம் வரை நான் அவர்களுக்கும் பதில் சொல்லவில்லை, யோசிப்போம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எல்லாரும் கூடுகிறோம். நேற்று அக்கா வீட்டுக்குப் போய், இதில் எழுதியிருப்பதை முழுதும் அவரிடம் முதலில் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். ஞாயிறன்று கூட்டத்தில் இதை வாசிப்பேன். வாசித்துவிட்டு நோட்டை மேசை மேல் வைத்துவிடுவேன். அதில் யார் பெயர் இருக்க வேண்டும், யார் பெயரை அடிக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.