ஆனதோத்தில் ஒரு நிலம்

ஏப்ரல் 5, 2025, சனி

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களில் அதிகம் தொங்கும் வசனம் எது என்று கேட்டால் எரேமியா 29:11 என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. புத்தாண்டு ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டையில் அது இருக்கிறது, காலண்டரில் இருக்கிறது, ஆட்டோவின் முதுகிலும் இருக்கிறது. உங்களைக் குறித்துக் கடவுள் நினைத்திருப்பது தீமையை அல்ல, சமாதானத்தை என்பது அதன் சாரம். வேலை போனவருக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த அட்டை தரும் ஆறுதலைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய பத்தாம் வசனத்தை அட்டைக்காரர்கள் அச்சிடுவதில்லை. பாபிலோனில் எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகே ஊர் திரும்புவீர்கள் என்கிறது அது. சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட நடுவயதுக்காரர் எவரும் எருசலேமை மறுபடி பார்க்கப் போவதில்லை. அடுத்த வரியின் நம்பிக்கை அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் சொல்கிறது.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா. தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்து, இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகமும் இப்படி உடையும் என்று அறிவித்தார். கூட்டத்துக்கு எவருடைய பேச்சு இனித்திருக்கும் என்று யூகிக்கச் சிரமமில்லை. எரேமியாவே முதலில் ‘ஆமென், அப்படியே ஆகட்டும்’ என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. இரண்டு பேரும் கடவுளின் பெயரால்தான் பேசினார்கள், இரண்டு பேரும் நம்பிக்கைதான் தந்தார்கள். அனனியா தந்ததில் கேட்பவன் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும். எரேமியா தந்ததில் மறுநாள் காலையிலேயே மண்ணைக் கொத்த வேண்டியிருந்தது. கிறிஸ்தவ விசுவாசம் விரக்தியில் தாங்குகிறது என்றால் அது எரேமியாவின் வகையில்தான் தாங்குகிறது, அனனியாவின் வகை விரக்தியைத் தள்ளிப்போட்டுப் பெரிதாக்குகிறது என்பது என் எண்ணம். இந்த லெந்து நாட்கள் முடிவதற்குள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

டீட்ரிக் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டு இன்றோடு எண்பது ஆண்டுகள். ஃப்ளோசன்பர்க் முகாமில் 1945 ஏப்ரல் 9 அன்று அது நடந்தது. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமுக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாதம் முடிவதற்குள் ஐரோப்பாவில் போரே முடிந்துவிட்டது. காப்பாற்றப்பட்டவர்களின் சாட்சியை வைத்து விசுவாசத்தை நிரூபிக்க விரும்புகிறவர்களுக்கு இவர் உதவமாட்டார். அதனால்தான் இவரை எடுத்துக்கொள்கிறேன்.

1943 ஏப்ரலில் கைதாகிப் பெர்லினின் டேகல் சிறைக்குப் போனபோது அவருக்கு வயது 37. லுத்தரன் போதகர், இறையியல் அறிஞர், ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குள்ளவர். முதல் வாரங்களில் அவர் துண்டுத் தாள்களில் கிறுக்கி வைத்த குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தற்கொலை பற்றிய குறிப்பும் இருக்கிறது. குற்ற உணர்வினால் அல்ல, உள்ளுக்குள் ஏற்கெனவே செத்துவிட்டதால் என்ற பொருளில் அதை எழுதியிருக்கிறார். சீஷத்துவத்தின் விலையைப் பற்றி 1937இல் புத்தகமே எழுதியவரின் கையெழுத்து இது. இவரை மெழுகுச் சிலையாக்கி வைக்கும் பிரசங்கங்கள் இந்தத் துண்டுத்தாளைத் தாண்டிப் போய்விடுகின்றன. நான் தாண்ட விரும்பவில்லை. விசுவாசம் உள்ளவனுக்கு அந்த எண்ணமே வராது என்ற பேச்சை இது ஒன்றே முடித்துவைக்கிறது.

அவரைத் தாங்கியவை என்று அவருடைய கடிதங்களிலிருந்து தெரிபவை எளிமையானவை. நாள்தோறும் சங்கீதம் வாசித்தார். லுத்தரன் பாடலாசிரியர் பவுல் கெர்ஹார்ட்டின் பாட்டுகளை மனப்பாடமாகச் சொன்னார். நேரம் வகுத்துப் படித்தார், எழுதினார். பக்கத்து அறைக் கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக்கொடுத்தார். கைதாவதற்கு மூன்று மாதம் முன்புதான் மரியா ஃபான் வெடமையருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. 1943 ஆகஸ்டில் சிறையிலிருந்து அவளுக்கு எழுதிய கடிதத்தில் எரேமியா 32ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறார். எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்திருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். தந்தையின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை கிடக்கும் நாட்டில் இருக்கிற நிலம். எந்தத் தரகனும் தொடமாட்டான். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துக் கையெழுத்திடுகிறார், நெடுங்காலம் கெடாதிருக்கப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கும்படி தம் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். தங்கள் திருமணமும் கடவுளின் பூமிக்குச் சொல்லும் ஒரு சம்மதம் என்றே போன்ஹோஃபர் எழுதினார். 1942 இறுதியில் நண்பர்களுக்கு எழுதிய கட்டுரையிலும் இதே நிலத்தைச் சொல்லியிருந்தார். நன்னம்பிக்கை என்பது நிலைமையைப் பற்றிய கணிப்பு அல்ல, எதிர்காலத்தை எதிரியிடம் விட்டுக்கொடுக்க மறுக்கும் உயிர்ச்சக்தி என்பது அந்தக் கட்டுரையின் வாதம்.

பத்திர வேலை முடிந்த பிறகு எரேமியா செய்ததைப் பலர் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகுதான் அவர் ஜெபிக்கிறார், அந்த ஜெபத்தின் முடிவில் குழப்பம்தான் இருக்கிறது: நகரம் பாபிலோனியர் கையில் விழப்போகிறதே, நீர் நிலம் வாங்கச் சொல்கிறீரே! சந்தேகம் தீர்ந்த பிறகு வாங்கியிருந்தால் அந்த நிலத்தை அவர் வாங்கியே இருக்கமாட்டார். நம்பிக்கை முதலில் மனதில் ஊறிப் பிறகு கைக்கு வரும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே கை முந்திக்கொள்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பழைய மறுப்பு ஒன்று உண்டு. மதம் மக்களின் அபின் என்று கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதியது. வலியை மறக்கவைத்து, வலிக்குக் காரணமானதைத் தொடாமல் விடுகிறது என்பது குற்றச்சாட்டு. இதை இலேசாகத் தள்ளக் கூடாது. ஜெர்மனியின் திருச்சபையே இதற்குச் சான்று தருகிறது. 1933இல் ஹிட்லர் வந்தபோது விரக்தியில் கிடந்த தேசத்துக்குக் கடவுள் அனுப்பிய விடிவு என்று கொண்டாடிய புராட்டஸ்டண்டினர் ஏராளம். அந்த ஆண்டு ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில் ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற நாஜி ஆதரவு அணி பெரும்பான்மை பெற்றது. தோற்ற போர், வேலையின்மை, அவமானம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளில் விரைவான தீர்வு. அனனியா கோட் போட்டுக்கொண்டு பெர்லினுக்கு வந்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. எதிர்த்து நின்றவர்கள் 1934 மே மாதம் பார்மனில் வெளியிட்ட அறிக்கையும் யூதர்களைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆகவே விசுவாசம் தானாகவே நல்ல நம்பிக்கையைத் தந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. பொய் நம்பிக்கையையும் அது தரும், அதுவும் மிகுந்த உற்சாகத்தோடு.

ஆனால் மார்க்ஸின் வாதம் எரேமியா வகையைத் தொடுவதில்லை. எரேமியா மேல் அரசனின் பிரபுக்கள் சாட்டிய குற்றம் என்ன? போர்வீரர்களின் கையைத் தளரப்பண்ணுகிறான் என்பது. அதற்காகத்தான் அவரைச் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். ஆளுபவர்களுக்கு அபின் தேவைப்பட்டது. அவர் தர மறுத்தார். போன்ஹோஃபர் 1939 ஜூனில் நியூயார்க் போய்ப் பாதுகாப்பாக இருந்திருக்கலாம், ஜூலையிலேயே திரும்பினார். தம் மக்களின் துன்பத்தில் பங்கெடுக்காதவனுக்குப் போருக்குப் பிறகு அவர்களைக் கட்டியெழுப்பும் உரிமை இராது என்று நினைத்தார். அபின் தின்றவன் கப்பல் ஏறித் திரும்பி வருவதில்லை. அதே சதியில் விசுவாசம் இல்லாதவர்களும் உயிரைக் கொடுத்தார்கள் என்பது அடுத்த மறுப்பு. உண்மை. மதமுள்ளவர்களைவிட மதமற்றவர்களிடமே தாம் அதிகம் ஈர்க்கப்படுவதாகப் போன்ஹோஃபரே 1944 ஏப்ரலில் எழுதியிருக்கிறார். நம்பிக்கைக்குக் கிறிஸ்தவர்கள் ஏகபோக உரிமை கோர வேண்டியதில்லை. விசுவாசம் தரும் வழியில் நடந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று காட்ட முடிந்தால் போதும்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கிளைகளை வெட்டி வழியில் பரப்பியவர்களுக்கும் ஒரு கெடு மனதில் இருந்திருக்கும்: இந்தப் பஸ்காவுக்குள் ரோமன் தொலைவான். ஐந்து நாளில் எல்லாம் முடிந்துபோனதாகத் தெரிந்தது. பவனியில் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் அனனியாவின் குரலும் கலந்திருப்பதை மறக்காமலிருந்தால் நல்லது.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

எரேமியா வகை நம்பிக்கையின் ஊற்று எது? என் பதில் சிலருக்கு உவப்பாக இராது: புலம்பல். வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். 88ஆம் சங்கீதம் கடைசிச் சொல் வரை இருளிலேயே நின்றுவிடுகிறது. தொகுத்தவர்கள் அதற்கு ஒரு நல்ல முடிவை ஒட்டவைக்கவில்லை. சிலுவையில் இயேசு ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறியதும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம்தான். துதி மட்டும் பாடத் தெரிந்த சபையில் இன்றைய ஆராதனைக்கே சொல் இருக்காது.

புலம்பல் என்று தனிப் புத்தகமே இருக்கிறது. கி.மு. 587 அல்லது 586இல் எருசலேம் எரிந்ததைப் பற்றிய ஐந்து பாடல்கள். முதல் நான்கும் எபிரெய அகரவரிசையில் அமைந்தவை, நம் ஆத்திசூடியைப் போல. எழுத்துகள் 22; மூன்றாம் பாடலில் மட்டும் எழுத்துக்கு மூன்று வீதம் 66 வசனங்கள். தமிழில் படிக்கும்போது இந்தக் கட்டு தெரிவதில்லை. கடவுளின் இரக்கம் காலைதோறும் புதிது என்று நாம் அட்டையில் அச்சிடும் பகுதி இந்த மூன்றாம் பாடலுக்குள், புத்தகத்தின் நடுவில் வருகிறது. முடிவில் வரவில்லை. அதைச் சொல்லி முடித்த கவிஞன் அதே பாடலில் மறுபடியும் கண்ணீருக்குத் திரும்புகிறான். ஐந்தாம் பாடலில் 22 வசனங்கள் உண்டு, அகரவரிசை இல்லை, ஒழுங்கு உடைந்துவிட்டது. எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற தவிப்போடு புத்தகம் நிற்கிறது. யூதர்கள் இதை வாசிக்கும் நோன்பு நாளில் அந்த இருண்ட முடிவில் விட மனமின்றி, முந்தைய வசனத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்து முடிக்கிறார்கள். நம்பிக்கை அழுகையை முடித்துவைப்பதாக இந்தப் புத்தகம் காட்டவில்லை. இரண்டு பக்கமும் அழுகை இருக்க, நடுவில் அது நிற்கிறது.

வெறும் அழுகை விரக்தியை வளர்க்காதா என்று கேட்கலாம். தனக்குத்தானே அழுதால் வளர்க்கும். புலம்பல் ஒருவரை விளித்துச் சொல்லப்படுவது, குற்றம் சாட்டும்போதுகூட. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று வழக்காடுகிறவன் அவரை இன்னும் கைவிடவில்லை. பவுல் கெர்ஹார்ட் முப்பதாண்டுப் போரின் அழிவுக்குள் வளர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் நால்வரையும் மனைவியையும் அடக்கம் செய்தவர். இயேசுவின் இரத்தம் வழியும் தலையை நேருக்கு நேர் நோக்கிப் பேசும் அவருடைய பாட்டு லுத்தரன் மிஷன் வழியே தமிழுக்கு வந்து, இன்றும் புனித வெள்ளியில் நம் சபைகளில் பாடப்படுகிறது. டேகல் சிறையில் போன்ஹோஃபருக்குத் துணையிருந்தவரின் பாட்டுதான் தஞ்சைப் பக்கத்துக் கிராமக் கோவிலில் ஒலிப்பது என்பதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ.

ஏப்ரல் 19, சனி

மிகக் கடினமான மறுப்பை இன்றுவரை ஒத்திவைத்தேன். நம்பியவர்களுக்கு என்ன கிடைத்தது? எரேமியா தம் நிலத்தை உழவில்லை. அவரை எகிப்துக்கு இழுத்துப் போனார்கள். மரியாவுக்கும் போன்ஹோஃபருக்கும் திருமணம் நடக்கவில்லை. போன்ஹோஃபரின் அண்ணன் கிளவுஸும், அக்காள்கள் இருவரின் கணவர்களும் அதே ஏப்ரலில் கொல்லப்பட்டார்கள். அறுபது லட்சம் யூதர்களின் சாவுக்கு முன் இந்தப் பெயர்களும் சிறிது. துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல நான் முயலப் போவதில்லை. யோபுவின் புத்தகத்தில் கடவுளின் கோபம் விளக்கம் சொன்ன நண்பர்கள் மேல்தான் மூண்டது.

சொல்லக்கூடியவை இரண்டு. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் ஆனதோத் ஊரார் 128 பேர். வாங்கியவர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் வாங்கியது வீணுமில்லை. நம்பிக்கையின் பலன் நம்பியவனுக்கே கிடைத்தாக வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். விசுவாசம் அதற்கு உத்தரவாதம் தந்ததில்லை. இரண்டாவது, அந்த 128 பேரும்கூடப் பிறகு செத்துப்போனார்கள் என்பதால் வரலாற்றுப் பலன் மட்டும் கிறிஸ்தவனுக்குப் போதாது. அப்போஸ்தலன் பவுல் இதில் மழுப்பவில்லை. மரித்தோர் எழுவதில்லை என்றால் நாங்கள் எல்லாரையும்விடப் பரிதாபத்துக்குரியவர்கள் என்று கொரிந்தியருக்கு ஒப்புக்கொண்டே எழுதினார். உயிர்த்தெழுதலை ஏற்காதவர் இந்த நம்பிக்கையை மறுப்பதில் தர்க்கப் பிழை இல்லை. ஏற்பவர்தான், நிலமும் கல்யாணமும் இத்தோடு முடிந்த கணக்கு என்று எழுத மறுக்கிறார்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் முடிந்தது. ஒரு மறுப்பு பாக்கி, அது சபைக்கு உள்ளேயிருந்து வருகிறது: மனச்சோர்வு விசுவாசக் குறைவு, ஜெபித்தால் போய்விடும், மாத்திரை எதற்கு? இதுவும் அனனியாவின் குரல்தான். கெடு இரண்டு ஆண்டு என்பதற்குப் பதில் இந்த வாரக் கூட்டம். தீர்க்கதரிசி எலியா அரசி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைக்கிறான். அவர் சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கிப்போகிறார், தூங்கவிடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், வழி நெடுந்தூரம் என்கிறான். உடம்புக்கு வேண்டியது முதலில் வருகிறது. மனநல மருத்துவரிடம் தாமே கூட்டிக்கொண்டு போகும் போதகர் இந்த அதிகாரத்தைச் சரியாகப் படித்தவர். ஓரேப் மலையில் கடவுள் பேசிய பிறகும் எலியா தெளிந்துவிடவில்லை. கடவுளின் மெல்லிய சத்தத்துக்கு முன் சொன்ன அதே முறையீட்டை, பின்னும் வார்த்தை மாறாமல் சொல்கிறார். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. போய் அபிஷேகம் செய்ய வேண்டிய மூன்று பேரின் பெயர் சொல்லப்படுகிறது. அவர்களில் மூன்றாமவன் எலிசா, ஏர் உழுதுகொண்டிருந்தவன். அதற்குப் பிறகு எலியா தனியாக நடக்க வேண்டியிருக்கவில்லை.